டெர்மினல் நிறங்கள்: தீம் நாலு முறை மாற்றியும் சரியாகவில்லை (சுங்கை சிப்புட் கணினி அறை)

#1 செம்பனைநிழல்

வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துல பழைய ஆயாக்கொட்டகையை (குழந்தைக் காப்பகம்) கணினி அறையா மாத்தி, படிவம் 4, 5 பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு நடக்குது. உபுந்து லினக்ஸ் போட்ட மடிக்கணினி 10, எல்லாத்துலயும் க்னோம் டெர்மினல் (கட்டளை தட்டுற சன்னல்). நடுவுல சர்வரா ஒரு ராஸ்பெர்ரி பை சின்னக் கணினி (சுருக்கமா "பை"). பிள்ளைகள் எஸ்எஸ்எச் (வேற கணினிக்குள்ள நுழையுற கட்டளை) வழியா அதுக்குள்ள போய் டிமக்ஸ் (ஒரே டெர்மினலைப் பல பலகையாப் பிரிக்கிற நிரல்) திறந்து, விம்ங்கிற உரைத்திருத்தியில எழுதுறாங்க. விண்டோஸ் மடிக்கணினி ஒண்ணு, டபிள்யூஎஸ்எல்லோட (விண்டோஸுக்குள்ள ஓடுற லினக்ஸ்) இருக்கு.

எல்லாத்துலயும் சோலரைஸ்ட் டார்க்ங்கிற நிறத் தீம் போட்டோம். அதுக்கப்புறம் வந்த பிரச்சினைகள்:

ஸெட்-ஷெல் (பாஷ் மாதிரியே கட்டளைகளை வாங்கி ஓட்டுற ஷெல்) போட்ட மூணு மடிக்கணினியில, தட்டும்போது முன்கூட்டியே காட்டுற பரிந்துரை எழுத்து கண்ணுக்கே தெரியல. பாஷ் உள்ளதுல பச்சையா இருந்த பிராம்ட் (தட்டுற இடத்துக்கு முன்னாடி வர்ற பெயர் வரி) சாம்பலாப் போச்சு, கோப்புறையும் கோப்பும் ஒரே நிறம்.

பையில டிமக்ஸுக்குள்ள விம் திறந்தா பின்னணி கருநீலமா இல்லாம சாம்பலா வருது. அதுவும் எழுத்து இருக்கிற இடத்துல மட்டும். வரியோட மிச்சம் வேற கருப்பு.

டபிள்யூஎஸ்எல்ல சி டிரைவ்ல எல்எஸ் (கோப்புப் பட்டியல் கட்டளை) போட்டா எல்லாக் கோப்புறையும் பச்சைப் பட்டைமேல நீல எழுத்து. படிக்கவே முடியல.

ஏழாம் எண் மடிக்கணினியில மட்டும் பிராம்ட்லயும் எல்எஸ்லயும் நிறமே இல்ல.

புரொஜெக்டர்ல போட்டா மூணாவது வரிசையில உள்ள பிள்ளைக்குக் கோப்புறைப் பெயர் தெரியல.

வேற தீம் நாலு போட்டுப் பார்த்தாச்சு. ஒண்ணு சரியானா இன்னொண்ணு கெடுது. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

#2 கித்தாக்காடு

தங்கச்சி, தீம் மாற்றுவதை முதலில் நிறுத்துங்கள். நீங்கள் எழுதியவை ஒரே நோயின் அறிகுறிகள் அல்ல, ஐந்தும் வேறு வேறு. ஒவ்வொன்றும் எந்த அடுக்கில் நிற்கிறது என்று பிரிக்காமல் தீம்களை மாற்றினால், சரியாக இருந்ததும் கெடும்.

அடுக்கு மூன்று. அடியில் டெர்மினலின் வண்ணத்தட்டு: 0 முதல் 15 வரை 16 கிண்ணம், எந்தக் கிண்ணத்தில் எந்தச் சாயம் என்பதை டெர்மினல்தான் முடிவு செய்கிறது. நடுவில் டெர்ம் என்ற சூழல் மாறி: "இந்த டெர்மினலுக்கு என்னென்ன தெரியும்" என்று நிரல்களுக்குச் சொல்லும் பெயர்ச்சீட்டு. மேலே நிரல்: எல்எஸ், விம், பிராம்ட். நிரல் பெரும்பாலும் "2ஆம் கிண்ணத்தில் எழுது" என்றுதான் சொல்லும். பச்சை என்று சொல்லாது. 2ஆம் கிண்ணத்தில் நீங்கள் சாம்பலை ஊற்றி வைத்தால் சாம்பல்தான் வரும்.

சோதனையைக் கீழிருந்து தொடங்குங்கள். எந்த நிரலும் குறுக்கே வராமல் வண்ணத்தட்டை மட்டும் பார்க்க:

பிரின்ட்எஃப் '\033[48;5;1எம் 1 \033[0எம்'

இங்கே எம் என்பது சிறிய ஆங்கில எழுத்து, எண்ணை ஒட்டியே வர வேண்டும். 48;5; என்பதற்கு அடுத்த எண்ணை 0 முதல் 15 வரை மாற்றி 16 பெட்டியும் பாருங்கள். 48 பின்னணிக்கு, 38 எழுத்துக்கு. பழைய முறையில் எழுத்துக்கு 30 முதல் 37, பிரகாச எழுத்துக்கு 90 முதல் 97, பின்னணிக்கு 40 முதல் 47, பிரகாசப் பின்னணிக்கு 100 முதல் 107. கடைசியில் உள்ள 0 எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். அதை விட்டால் அடுத்த பிராம்டும் அதே நிறத்தில் ஓடும்.

பிறகு மூன்று இடங்களில் (மடிக்கணினியில் நேராக, எஸ்எஸ்எச் வழியாகப் பையில், பையில் டிமக்ஸுக்குள்) இந்த மூன்றையும் தட்டி, வந்ததை அப்படியே இங்கே போடுங்கள்:

எக்கோ $டெர்ம்
எக்கோ $கலர்டெர்ம்
டீபுட் கலர்ஸ்

மாறியின் பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்தில். கலர்டெர்ம், 24 பிட் நிறம் உண்டா என்று சொல்லும் மாறி. கடைசிக் கட்டளை, பெயர்ச்சீட்டின்படி எத்தனை நிறம் என்று காட்டும்.

#3 செம்பனைநிழல்

போட்டுப் பார்த்தேன் அண்ணே.

மடிக்கணினி: எக்ஸ்டெர்ம்-256கலர், ட்ரூகலர், 256.
பை, டிமக்ஸ் இல்லாம: எக்ஸ்டெர்ம்-256கலர், காலி, 256.
பை, டிமக்ஸுக்குள்ள: எக்ஸ்டெர்ம்-256கலர், காலி, 256.

எல்லாம் சரியாத்தானே காட்டுது?

16 பெட்டியும் பார்த்தேன். 0 முதல் 7 வரை நல்ல நிறம். 8 பின்னணியோட கலந்துபோய் பெட்டியே தெரியல. 9 ஆரஞ்சு, 13 ஊதா. 10, 11, 12, 14 நாலும் சாம்பல் மாதிரி. 15 வெளிர் மஞ்சள்.

#4 கித்தாக்காடு

மூன்றாவது வரி சரியில்லை. டிமக்ஸுக்குள் டெர்ம் மாறி ஸ்கிரீன் அல்லது டிமக்ஸ் என்ற சொல்லில்தான் தொடங்க வேண்டும். உள்ளே நிரல்கள் பேசுவது டிமக்ஸிடம், உங்கள் க்னோம் டெர்மினலிடம் அல்ல. எக்ஸ்டெர்ம் என்று வருகிறது என்றால் யாரோ பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். பையில் .பாஷ்ஆர்சி கோப்பை (பாஷ் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு) திறந்து "எக்ஸ்போர்ட் டெர்ம்=" என்ற வரியைத் தேடுங்கள்.

பழைய வழிகாட்டிகள் பலவற்றில் இந்த வரி இருக்கிறது. 256 நிறம் வர வேண்டும் என்பதற்காகப் போடச் சொல்வார்கள். போட்டதும் நிறம் வரும், அதனால் சரியென்று தோன்றும். ஆனால் டிமக்ஸுக்குத் தெரியாத வேலைகளை நிரல்கள் அதனிடம் கேட்க ஆரம்பிக்கும்.

#5 லிந்தாங்சாலை

8 தெரியலைன்னு சொன்னீங்களே, அது கோளாறு இல்ல. சோலரைஸ்ட் அப்படித்தான் வடிவமைச்சது. நான் அந்தப் பகுதியை எழுதுறேன், அண்ணே டிமக்ஸைப் பார்க்கட்டும்.

2011-ல ஈதன் ஸ்கூனோவர் வெளியிட்ட வண்ணத்தட்டு அது. மொத்தம் 16 நிறம்: 8 சாம்பல் படி, 8 அழுத்த நிறம். டெர்மினல்ல இருக்கிற 16 கிண்ணத்துக்குள்ள அதை அடைக்கணும்னா, வழக்கமா "பிரகாச" நிறம் இருக்கவேண்டிய 8 முதல் 15 வரையான இடத்துல சாம்பல் படிகளை வைக்கவேண்டி வந்துச்சு. அப்படி வச்சதுல 8 = 0, 43, 54 (சிவப்பு, பச்சை, நீலம் அளவு, ஒவ்வொண்ணும் 0 முதல் 255). அது டார்க் பின்னணியேதான். 10 = 88, 110, 117. 11 = 101, 123, 131. 12 = 131, 148, 150, அதாவது சாதாரண எழுத்தோட நிறம். 14 = 147, 161, 161. பிரகாச வரிசையில 9 ஆரஞ்சும் 13 ஊதாவும் மட்டும்தான் நிறம்னு சொல்லத்தக்கது. நீங்க பார்த்தது எண்ணுக்கு எண் பொருந்துது.

இப்ப அறிகுறிகளுக்கு வாங்க. ஸெட்-ஷெல் பரிந்துரைச் செருகல் எழுத்தை 8ஆம் எண்ல எழுதும், அதுதான் அதோட இயல்பு அமைப்பு. சோலரைஸ்ட்ல 8ம் பின்னணியும் ஒண்ணு. கருநீலத்து மேல அதே கருநீலம், எப்படித் தெரியும்? .ஸெட்எஸ்எச்ஆர்சி-யில ஸெட்எஸ்எச்_ஆட்டோசஜஸ்ட்_ஹைலைட்_ஸ்டைல் மாறிக்கு 'எஃப்ஜி=10' னு மதிப்புக் கொடுங்க. இந்தத் தட்டுல 10தான் குறிப்புரைக்கு வச்ச மங்கல் நிறம், பரிந்துரைக்கு அது சரியாப் பொருந்தும்.

பாஷ் பிராம்ட் சாம்பலானது வேற காரணம். உபுந்து பிராம்ட் 01;32ல வரும். 01 தடிப்பு, 32 பச்சை. க்னோம் டெர்மினல்ல "தடித்த எழுத்தைப் பிரகாச நிறத்தில் காட்டு"ன்னு ஒரு பெட்டி இருக்கு. அது டிக் ஆகியிருந்தா தடிப்பும் 2ம் சேர்ந்து 10 ஆயிடும். 10 சாம்பல். கோப்புறை 01;34. தடிப்பும் 4ம் சேர்ந்தா 12. 12 சாதாரண எழுத்து நிறம். அதான் கோப்புறையும் கோப்பும் ஒண்ணாத் தெரியுது.

டெர்மினல் விருப்பங்கள், உங்க புரொஃபைல், நிறங்கள் பக்கம், அந்த டிக்கை எடுங்க. அங்கேயே "கணினித் தீம் நிறங்களைப் பயன்படுத்து" டிக்கும் இருந்தா எடுத்துடுங்க, இல்லன்னா பின்னணி, எழுத்து நிறம் இரண்டும் நீங்க வச்சதை விட்டுட்டு கணினித் தீம்ல உள்ளதை எடுத்துக்கும். புது டேப் திறக்கவேண்டியதில்லை, உடனே மாறும்.

என் கருத்து, பிள்ளைகள் படிக்கிற அறைக்கு சோலரைஸ்ட் வேண்டாம். அழகான தட்டு, கவனமாச் செஞ்சது. ஆனா அதைத் தெரிஞ்சு அமைச்ச நிரல்களோடதான் நல்லாப் பொருந்தும். மத்த நிரல்கள் "பிரகாசப் பச்சை"ன்னு கேட்கும்போது பச்சை வரணும். 8 முதல் 15 வரை உண்மையாவே பிரகாச நிறம் உள்ள தட்டைப் போட்டா இந்தச் சிக்கல்ல பாதி வரவே வராது.

#6 செம்பனைநிழல்

அக்கா, டிக்கை எடுத்ததும் பிராம்ட் பச்சையாயிடுச்சு, கோப்புறை நீலமாயிடுச்சு. பரிந்துரை எழுத்தும் தெரியுது.

அண்ணே, நீங்க சொன்ன வரி .பாஷ்ஆர்சி-யோட கடைசியில இருந்துச்சு. .டிமக்ஸ்.கான்ஃப் கோப்புல நிறம் பத்தி ஒண்ணுமே இல்ல. விம் அமைப்புல டெர்ம்குய்கலர்ஸ் (24 பிட் நிறத்துக்கான அமைப்பு) போட்டிருக்கு.

#7 கித்தாக்காடு

அந்த வரியை நீக்குங்கள். இனி டிமக்ஸ் பகுதியைச் செய்வோம்.

முதலில் ஏன் சாம்பல் வந்தது என்பது. விம் 24 பிட் நிறத்தில் 38;2;சிவப்பு;பச்சை;நீலம் என்று அனுப்புகிறது. வெளியே உள்ள டெர்மினல் 24 பிட் தாங்கும் என்று டிமக்ஸிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் வந்த நிறத்தை டிமக்ஸ் 256-இல் மிக அருகில் உள்ளதாக மாற்றி அனுப்புகிறது. அந்த 256-இல் 16 முதல் 231 வரை 6×6×6 கனசதுரம். ஒவ்வொரு அச்சிலும் 0, 95, 135, 175, 215, 255 என்ற ஆறு படிதான். 232 முதல் 255 வரை சாம்பல், 8-இல் தொடங்கிப் பத்துப் பத்தாக 238 வரை. உங்கள் பின்னணி 0, 43, 54. 0-க்கும் 95-க்கும் நடுவில் படியே இல்லாததால் அருகில் கிடைப்பது 234ஆம் எண்: 28, 28, 28. நீலம் போய் வெறும் சாம்பல் மிஞ்சியது அதனால்தான். அடர்ந்த நிறப் பின்னணி உள்ள தீம்கள் பல இந்த இடத்தில் அடிபடும்.

.டிமக்ஸ்.கான்ஃப் கோப்பில் இரண்டு வரி:

செட் -ஜி டிஃபால்ட்-டெர்மினல் "டிமக்ஸ்-256கலர்"
செட் -ஏஎஸ் டெர்மினல்-ஃபீச்சர்ஸ் ",எக்ஸ்டெர்ம்-256கலர்:ஆர்ஜிபி"

இரண்டாவது வரியில் மேற்கோளுக்குள் முதலில் வரும் காற்புள்ளியை விடாதீர்கள், அது முந்தைய பட்டியலோடு சேர்ப்பதற்கு. ஆர்ஜிபி மூன்றும் பெரிய எழுத்து. இந்த வரி டிமக்ஸ் 3.2 முதல்தான். அதற்கு முந்தைய பதிப்பு என்றால் செட் -ஜிஏ டெர்மினல்-ஓவர்ரைட்ஸ் ",எக்ஸ்டெர்ம்-256கலர்:டிசி" என்று போடுங்கள், அதில் டி பெரியது, சி சிறியது. பதிப்பு அறிய டிமக்ஸ் -வி, பெரிய வி.

கோப்பை மாற்றியதும் முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஏற்கெனவே திறந்திருக்கும் பலகைகள் பழைய டெர்ம் மதிப்போடுதான் தொடரும். பிள்ளைகளின் வேலையைச் சேமித்துவிட்டு டிமக்ஸ் கிள்-சர்வர் கொடுத்து, புதிதாகத் தொடங்குங்கள். அந்தப் பயனரின் எல்லா அமர்வும் போய்விடும், வகுப்பு நடக்கும்போது செய்யாதீர்கள்.

தொடங்கும்போது "டெர்மினல் தெரியவில்லை" என்று எந்த நிரலாவது முறையிட்டால், பையில் அந்தப் பெயர்ச்சீட்டே இல்லை என்று பொருள். இன்ஃபோகம்ப் டிமக்ஸ்-256கலர் கொடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் என்கர்சஸ்-டெர்ம் தொகுப்பை நிறுவுங்கள்.

வரியின் பாதி வேறு கருப்பு என்றீர்கள், அதற்கும் அந்த எக்ஸ்போர்ட் வரிதான் வேர். எக்ஸ்டெர்ம் ஒரு வரியை அழிக்கும்போது அப்போதைய பின்னணி நிறத்தாலேயே நிரப்பும். பழைய டிமக்ஸும் ஸ்கிரீனும் அப்படி நிரப்பாது. விம் பெயர்ச்சீட்டை நம்பி "நிரப்பிக்கொள்வான்" என்று விட்டுவிடும், நிரப்ப ஆள் இல்லை. சரியான பெயர் வந்தால் விம் தானே இடைவெளிகளை எழுதி நிரப்பும். அப்படியும் நிற்கவில்லை என்றால் விம் அமைப்பில் செட் டி_யூடி= என்று சமக்குறிக்குப் பிறகு ஒன்றும் எழுதாமல் விடுங்கள்.

#8 மூன்றாம்கட்டை

டபிள்யூஎஸ்எல் விஷயத்துக்கு நான் வரேன். அந்தப் பச்சைப் பட்டை எல்எஸ் கொடுக்கிற எச்சரிக்கை. யார் வேணும்னாலும் எழுதலாம்னு அனுமதி இருக்கிற கோப்புறைக்கு எல்எஸ் 34;42 போடும், பச்சைமேல நீலம். விண்டோஸ் டிரைவ் லினக்ஸுக்குள்ள ஏறும்போது எல்லாத்துக்கும் 777 (யாரும் எழுதலாம்) அனுமதியாத் தெரியுது, அதனால எல்லாக் கோப்புறைக்கும் எச்சரிக்கை.

சுலப வழி, .பாஷ்ஆர்சி-யில:

எக்ஸ்போர்ட் எல்எஸ்_கலர்ஸ்="$எல்எஸ்_கலர்ஸ்:ஓடபிள்யூ=01;34"

ஓடபிள்யூ சின்ன எழுத்து. இந்த வரியை டிர்கலர்ஸ் (எல்எஸ் நிறங்களை அமைக்கிற கட்டளை) ஓடுற வரிக்குக் கீழே போடணும். மேல போட்டா டிர்கலர்ஸ் வந்து அழிச்சிட்டுப் போயிடும், "வேலை செய்யல"ன்னு பலரும் சொல்றது அதனாலதான்.

வேரோட சரி பண்ண, /ஈடிசி/டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் கோப்புல ஆட்டோமவுன்ட் பகுதியில ஆப்ஷன்ஸ் = "மெட்டாடேட்டா,யூமாஸ்க்=22" எழுதி, விண்டோஸ் பக்கம் டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன் கொடுத்துத் திரும்பத் திறங்க. அனுமதி 755 (உரிமையாளர் மட்டும் எழுதலாம்) ஆயிடும், நிறமும் தானா மாறும். நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன். அனுமதி தப்பா இருக்கும்போது நிறத்தை மட்டும் மறைச்சா, பிள்ளை நிஜ சர்வர்ல 777 போட்டு வச்சாலும் தெரியாமப் போயிடும்.

#9 செம்பனைநிழல்

டபிள்யூஎஸ்எல் சரி. ரெண்டாவது வழியில செஞ்சேன்.

டிமக்ஸ்ல புது சிக்கல். அண்ணே சொன்ன மாதிரி செஞ்சு திரும்பத் திறந்தா டெர்ம் சரியா டிமக்ஸ்-256கலர்னு வருது. ஆனா விம்ல நிறமே போயிடுச்சு, கருப்பு வெள்ளை. முன்னாடியாவது சாம்பல் இருந்துச்சு.

#10 கித்தாக்காடு

நல்ல திசையில்தான் போகிறீர்கள், இன்னும் ஒரு படி. டெர்ம் பெயர் எக்ஸ்டெர்ம் என்று தொடங்கினால் 24 பிட் நிறத்துக்கான குறிகளை விம் தானாக நிரப்பிக்கொள்ளும். டிமக்ஸ் என்று தொடங்கினால் பல பதிப்புகள் நிரப்பாது. டெர்ம்குய்கலர்ஸ் போட்டிருக்கிறது, குறி இல்லை, அதனால் நிறம் இல்லை. இதைப் பார்த்துப் பயந்துதான் பலர் மறுபடியும் அந்த எக்ஸ்போர்ட் வரியைத் தேடிப் போகிறார்கள்.

விம் அமைப்பில் டெர்ம்குய்கலர்ஸ் வரிக்கு மேலே இரண்டு மாறிக்கு மதிப்புக் கொடுங்கள்: &டி_8எஃப் எழுத்துக்கு, &டி_8பி பின்னணிக்கு. முதலாவதன் மதிப்பு: \<எஸ்க்> , ஒட்டி [38;2; , பிறகு %எல்யூ மூன்று முறை, நடுவில் அரைப்புள்ளி, முடிவில் எம். இரண்டாவது அதேதான், 38-க்குப் பதில் 48. இரட்டை மேற்கோள் கட்டாயம். ஒற்றை மேற்கோளில் \<எஸ்க்> என்பதை விம் எழுத்தெழுத்தாக எடுத்துக்கொள்ளும், எஸ்கேப் ஆக மாற்றாது.

நியோவிம் என்றால் இது தேவையில்லை. 2024-இல் வந்த 0.10 முதல் டெர்மினலைக் கேட்டு அதுவே அறிந்துகொள்ளும்.

முடித்ததும் டிமக்ஸுக்குள் பிரின்ட்எஃப் '\033[48;2;0;43;54எம் சோதனை \033[0எம்' கொடுங்கள். பெட்டி கருநீலமாக வந்தால் டிமக்ஸ் வரை பாதை சரி, மிச்சம் விம் அமைப்பில். சாம்பலாக வந்தால் டெர்மினல்-ஃபீச்சர்ஸ் வரி ஏறவில்லை.

கலர்டெர்ம் பையில் காலியாக வருவதும் இயல்புதான். எஸ்எஸ்எச் டெர்ம் மாறியைத் தானாகக் கொண்டுபோகும், இதைப் பல அமைப்புகளில் கொண்டுபோகாது. அதை நம்பும் நிரல் ஏதாவது இருந்தால், மடிக்கணினியின் எஸ்எஸ்எச் அமைப்பில் செண்ட்என்வ், பையின் எஸ்எஸ்எச்டி அமைப்பில் அக்செப்ட்என்வ் இரண்டிலும் அந்தப் பெயரைச் சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சேர்த்தால் போகாது.

#11 லிந்தாங்சாலை

ஏழாம் எண் மடிக்கணினிக்கு ஒரு கேள்வி. கிட் டிஃப் (கோப்புல செஞ்ச மாற்றங்களைக் காட்டுற கட்டளை) கொடுத்தா சிவப்பு, பச்சை வருதா?

#12 செம்பனைநிழல்

வருது அக்கா. பிராம்ட், எல்எஸ், கிரெப் (உரை தேடுற கட்டளை) மூணுலயும்தான் இல்ல. 16 பெட்டியும் நல்லா வருது.

#13 லிந்தாங்சாலை

அப்ப வண்ணத்தட்டும் சரி, டெர்மும் சரி. உபுந்துல பிராம்ட் நிறம், எல்எஸ் நிறம், கிரெப் நிறம் மூணும் .பாஷ்ஆர்சி-யிலேர்ந்து வருது. கிட் அதை நம்பி இல்ல, அதோட நிறம் தானா வரும். மூணு மட்டும் ஒண்ணாப் போச்சுன்னா அந்தக் கோப்பு அழிஞ்சிருக்கு, இல்ல நடுவுல பிழை வந்து பாதியில நின்னுடுச்சு. /ஈடிசி/ஸ்கெல் கோப்புறையில அசல் .பாஷ்ஆர்சி இருக்கு. இருக்கிறதை வேற பெயர்ல வச்சுட்டு அசலை நகல் எடுத்துப் போடுங்க, புது டெர்மினல் திறங்க.

கிட்டுலயும் நிறம் வரலைன்னா டெர்ம் மதிப்பு டம்ப் (நிறம் தெரியாத டெர்மினலோட பெயர்) ஆகியிருக்கான்னு பார்க்கணும். இன்னொண்ணு, நோ_கலர் மாறி. 2017-ல வந்த ஒழுங்கு அது, நிறைய நிரல் மதிக்குது. அந்த மாறியில எது இருந்தாலும் நிறம் நிக்கும். 0ன்னு போட்டாலும் நிக்கும்! அன்செட் பண்ணினாத்தான் திரும்ப வரும்.

#14 ஈயவயல்

இழைக்குப் பக்கத்துக் கேள்வி. பிராம்ட்ல நிறம் சேர்த்ததுக்கப்புறம், நீளமான கட்டளை தட்டினா அடுத்த வரிக்குப் போகாம அதே வரியோட தொடக்கத்துல ஏறி எழுதுது. இதுவும் டெர்ம் கோளாறா?

#15 மூன்றாம்கட்டை

இல்ல தம்பி. நிறக் குறி திரையில இடம் பிடிக்காது, ஆனா பாஷ் அதையும் எழுத்துன்னு எண்ணுது. பிஎஸ்1 மாறியில (பிராம்ட் இதிலேர்ந்துதான் வருது) ஒவ்வொரு நிறக் குறியையும் \[ \] இதுக்குள்ள போடுங்க. தொடக்கக் குறிக்கு ஒரு சோடி, முடிவுல வர்ற \033[0எம் குறிக்கு ஒரு சோடி. பெரும்பாலும் ரெண்டாவதைத்தான் மறந்திருப்பாங்க. பார்க்கிற எழுத்தை, அதாவது பயனர் பெயர், கோப்புறைப் பெயரை, அதுக்குள்ள போட்டுடாதீங்க, எண்ணிக்கை எதிர்ப்பக்கம் தப்பும்.

#16 கித்தாக்காடு

இனி புரொஜெக்டர். இதைக் கடைசியாக வைத்தாலும் பிள்ளைகளுக்கு இதுதான் முக்கியம்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணாக அளக்கலாம். இரண்டின் ஒளிர்வோடும் 0.05 கூட்டிப் பெரியதைச் சிறியதால் வகுப்பது. இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறி சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கிறது. ஒளிர்வில் பச்சைக்கு 0.7152 பங்கு, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு வெறும் 0.0722. கருப்பில் நீலம் தெரியாமல் போவதற்குக் காரணம் இந்தக் கடைசி எண். எக்ஸ்டெர்மின் நீலம் 0, 0, 238, கருப்பின்மேல் 2.2தான் வரும். விண்டோஸ் பழைய கன்சோலின் 0, 0, 128 இன்னும் மோசம், 1.3. அதை 2017-இல் 0, 55, 218 என்று மாற்றினார்கள், அதுவும் 4.5-ஐத் தொடவில்லை.

மடிக்கணினித் திரையில் கருப்புப் பின்னணி வேண்டுமென்றால் 4ஆம் கிண்ணத்தில் 110, 160, 255 ஊற்றுங்கள். 8-க்கு மேல் வரும், பார்க்கவும் நீலமாகவே இருக்கும்.

மண்டபத்துக்கு அது போதாது. புரொஜெக்டரால் கருப்பைப் பாய்ச்ச முடியாது. சுவரில் விழும் பகல் வெளிச்சம்தான் அங்கே கருப்பு. ஆயாக்கொட்டகையில் பக்கவாட்டுச் சன்னல் முழுக்கத் திறந்து, மதியம் மூன்று மணி வெயில் உள்ளே வந்தால், திரையில் 8 என்று கணக்குச் சொல்லும் வேறுபாடு சுவரில் பாதிகூட நிற்காது. ஆகவே புரொஜெக்டருக்கென்று தனிப் புரொஃபைல்: வெள்ளைப் பின்னணி, எழுத்து 20, 20, 20, எழுத்தளவு குறைந்தது 20.

வெள்ளைக்கு மாறியதும் மஞ்சள் காணாமல் போகும். 255, 255, 0 வெள்ளையின்மேல் 1.07, இல்லாததற்குச் சமம். அந்தப் புரொஃபைலில் 3, 11 இரண்டு கிண்ணத்திலும் 128, 90, 0 ஊற்றுங்கள். பார்க்கக் காவி போல இருக்கும், ஆனால் 6-க்கு மேல் வரும். 6, 14 (வான்நீலம்), 2, 10 (பச்சை) நான்கையும் அதேபோல் இருட்டாக்க வேண்டும். 7, 15 இரண்டும் வெள்ளைக் கிண்ணம், அவற்றை 90, 90, 90 போன்ற சாம்பலாக்குங்கள். இல்லையென்றால் வெள்ளையில் எழுதும் நிரல்கள் மறைந்துபோகும்.

விம்மில் செட் பேக்கிரவுண்ட்=லைட் கொடுக்க மறக்க வேண்டாம். வெளியே வெள்ளை, விம் மட்டும் தான் கருப்பில் இருப்பதாக நினைத்தால் வெளிர் எழுத்தாக எழுதும். டெர்ம்குய்கலர்ஸ் போட்ட விம் உங்கள் 16 கிண்ணத்தைத் தொடவே தொடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அதன் நிறம் முழுக்க அதன் தீமிலிருந்து வருகிறது.

#17 மூன்றாம்கட்டை

அண்ணே சொன்னதோட ஒண்ணு. விண்டோஸ் மடிக்கணினியைப் புரொஜெக்டர்ல போட்டா பவர்ஷெல்ல கட்டளைப் பெயர் மஞ்சள்ல வரும். அது பிஎஸ்ரீட்லைன் போடுற நிறம். செட்-பிஎஸ்ரீட்லைன்ஆப்ஷன் -கலர்ஸ் வழியா கமாண்ட் நிறத்தை அடர் நீலத்துக்கு மாத்தி, பவர்ஷெல் புரொஃபைல் கோப்புல எழுதி வைங்க. விண்டோஸ் டெர்மினல்ல "பிரித்தறிய முடியாத நிறங்களைச் சரிசெய்"ன்னு ஒரு அமைப்பும் இருக்கு, போட்டா ரொம்ப நெருங்கின நிறங்களை அதுவே தள்ளி வைக்கும்.

#18 ஈயவயல்

பிராம்ட் சரியாயிடுச்சு, நன்றிண்ணே. இன்னொண்ணு: தமிழ்க் கோப்புல கிரெப் போட்டு 'க' தேடினா, "கிணறு" மாதிரிச் சொல்லுல விசிறி (ி) தனியாப் பிரிஞ்சு புள்ளி வட்டத்துமேல உக்காருது. எழுத்துரு கோளாறா?

#19 லிந்தாங்சாலை

எழுத்துரு இல்ல, நிறம்தான். இதைத் தமிழ்ல வேலை செய்ற எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும். "கி" நமக்கு ஒரு எழுத்து, கணினிக்கு க, அடுத்து விசிறிக் குறி, ரெண்டு. நீங்க 'க' தேடினதால கிரெப் க-வுக்கு முன்னாடி சிவப்புக் குறியும், க முடிஞ்சதும் நிறுத்தக் குறியும் போடுது. அந்த நிறுத்தக் குறி க-வுக்கும் விசிறிக்கும் நடுவுல விழுது. ஒட்டிக்க எழுத்து இல்லாததால குறி தனியா நிக்குது. கோப்புல ஒண்ணும் கெடல.

--கலர்=நெவர் போட்டா உடனே சரியாத் தெரியும். நிறமும் வேணும்னா 'கி'ன்னு முழு எழுத்தாத் தேடுங்க. முக்கியமா, கலர்=ஆல்வேஸ் போட்டு அதைக் கோப்புல சேமிக்காதீங்க, நிறக் குறி நிரந்தரமா உள்ள போய் உட்கார்ந்துடும், அப்புறம் "கி" தேடினாலும் கிடைக்காது. ஆட்டோ போதும். குழாய் (|) வழியா வேற நிரலுக்குப் போகும்போது அதுவே நிறத்தை நிறுத்திடும்.

#20 செம்பனைநிழல்

எல்லாம் செஞ்சு பார்த்தேன்.

டிமக்ஸுக்குள்ள சோதனைப் பெட்டி கருநீலமா வந்துச்சு. விம் பின்னணி வரி முழுக்க நிரம்புது, டி_யூடி தேவைப்படல. முதல்ல ஒற்றை மேற்கோள் போட்டு நிறம் வரல, இரட்டைக்கு மாத்தினதும் வந்துச்சு.

ஏழாம் எண்ல .பாஷ்ஆர்சி 0 பைட். அசலை நகல் எடுத்ததும் சரி.

மடிக்கணினிகள்ல சோலரைஸ்ட்டை எடுத்துட்டு, லிந்தாங்சாலை அக்கா சொன்ன மாதிரி 8 முதல் 15 வரை நிஜப் பிரகாச நிறம் உள்ள தட்டு, 4-ல 110, 160, 255. பரிந்துரை எழுத்தைத் திரும்ப 8-க்கே மாத்திட்டேன், இப்ப அங்க உண்மையான சாம்பல் இருக்கு.

மண்டபம்னு தனிப் புரொஃபைல் வச்சு, சன்னல் எல்லாம் திறந்தபடியே போட்டுப் பார்த்தோம். எழுத்தளவு 20-ல கடைசி வரிசைக்குக் கொஞ்சம் சின்னது, 24 வச்சா 80 எழுத்து அகலம் பத்தல. 22-ல நிறுத்தினோம்.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. பிள்ளை ஒருத்தர் தெரியாம இருமக் கோப்பை (உரை இல்லாத கோப்பு) கேட் கட்டளையால திரையில கொட்டி, பிராம்ட் எழுத்தெல்லாம் கோடு கோடா, பச்சைப் பின்னணியோட நிக்குது.

#21 கித்தாக்காடு

ரீசெட் என்று தட்டி என்டர் கொடுக்கச் சொல்லுங்கள். தட்டுவது திரையில் தெரியாமல் போகலாம், தெரியாவிட்டாலும் தட்டலாம். நிறம் மட்டும் ஒட்டிக்கொண்டு எழுத்து சரியாக இருந்தால் டீபுட் எஸ்ஜிஆர்0 போதும், திரை அழியாது. டிமக்ஸுக்குள் என்றால் அந்தப் பலகையில் மட்டும் தட்டினால் போதும், மற்ற பலகைகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.